பதினேழாம் நம்பர் படுக்கையில் இருப்பவர் யார்?

(முதியோர் தினத்தை ஒட்டித் தாம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, என்னை அழைத்த நண்பர்களே, கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்த பிள்ளைகளே, மருமகள்களே, கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிசுகிசுத்துக்கொண்டிருக்கும் நர்சிங் மாணவிகளே!

உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் வார்டில் நின்றவள் நான். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, இன்சார்ஜ் சிஸ்டராகி, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றேன். உட்கார்ந்து பேசினால் எனக்கு வார்த்தை வராது. நின்றே பேசுகிறேன்.

அழைப்பிதழில் தலைப்பைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்: நோயுற்ற முதியோருக்கு நபர்மையச் செவிலியப் பராமரிப்பு. நல்ல தலைப்புதான். ஆனால் இரவு டூட்டியில் ஒரு நர்ஸ் வாயில் நுழையுமா இது? அதனால் நான் இதை ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டேன். பதினேழாம் நம்பர் படுக்கையில் இருப்பவர் யார்? என்ன நோய் என்று கேட்கவில்லை. யார் என்று கேட்கிறேன்.

ஒரு இரவைச் சொல்கிறேன். தென்புறநகரில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், தப்பில் எனக்கும் பங்குண்டு. பெண்கள் வார்டு. பதினேழாம் நம்பர் படுக்கையில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மா. காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு நாளாகப் பிதற்றல் என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். டூட்டி மாறும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "செவன்டீன், யூரின் இன்ஃபெக்‌ஷன், சோடியம் கம்மி, கன்ஃப்யூஸ்டு. ரெண்டு தடவை வென்ஃப்ளானைப் பிடுங்கிட்டாங்க. கையைக் கட்டியிருக்கோம் சிஸ்டர்."

வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் ஊசி. கையைக் கட்டித்தான் இருந்தது. காஸ் துணியால், கட்டில் கம்பியோடு. முரட்டுத்தனமாகக் கட்டவில்லை. மணிக்கட்டு வலிக்கக் கூடாதென்று அடியில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள் அந்தப் பெண். அந்தப் பஞ்சுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. நாங்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் திருத்துவது சுலபம். பஞ்சு வைத்துக் கட்டுகிறவளை எப்படித் திருத்துவது?

கட்டிய நிலையிலும் விரல்கள் சும்மா இல்லை. போர்வை ஓரத்தைப் பிய்க்கின்றன. ஒரு நூலை இழுக்கின்றன. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் திரிக்கின்றன. மறுபடி இன்னொரு நூல். மாணவிகளே, இது உங்கள் பாடத்தில் வரும். அறிவு தடுமாறிய நோயாளி படுக்கைத் துணியைப் பிய்த்துக்கொண்டே இருப்பார் என்று படித்திருப்பீர்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூலிலேயே இந்த அடையாளம் இருக்கிறது. கை நூலைப் பிய்த்தால் நிலைமை நல்லதற்கில்லை என்று வைத்தியர்கள் அப்போதே கண்டுவைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூடவே ஒரே வார்த்தை. "சாம்பல் குடு... சாம்பல் குடு." துணைக்கு இருந்தது பேரனின் மனைவி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவள் சாம்பல் கேட்டால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வார்டைத் துடைக்க வந்த அம்மா, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், இந்தம்மா பாவு பிணைக்குது. எங்க வீட்லயும் தறி இருந்துச்சு. இழையைத் திரிக்கும்போது நழுவாம இருக்க விரல்ல சாம்பல் தொட்டுக்குவாங்க. அதைத்தான் கேக்குது."

படுத்திருந்த அம்மாவுக்கு ஊர் அனகாபுத்தூர்! இங்கிருந்து எவ்வளவு தூரம்? பம்மல் தாண்டினால் வந்துவிடும். அந்த ஊர்த் தறிகளில் நெய்த ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்ற கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. புதுப் பாவை, அதாவது தறியின் நீளவாக்கு நூல்களை, ஏற்றும்போது பழைய பாவின் நுனியோடு ஒவ்வொரு இழையாகச் சேர்த்துத் திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. வீட்டுப் பெண்கள்தான் உட்கார்ந்து பிணைப்பார்கள். அறுபது வருடம் அந்த விரல்கள் செய்த வேலை அது.

கட்டை அவிழ்த்தேன். சாம்பலுக்கு எங்கே போவது? ஒரு கிண்ணத்தில் முகப்பவுடரைக் கொட்டினேன். குஞ்சம் தொங்கும் துண்டு ஒன்றை மடியில் விரித்தேன். அந்த அம்மா விரல் நுனியைப் பவுடரில் தொட்டுக்கொண்டு குஞ்சத்து நூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் திரிக்க ஆரம்பித்தார். இடக்கையில் வென்ஃப்ளான் அப்படியே இருந்தது. அதன் பக்கம் விரல் போகவே இல்லை.

கைதட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை. துண்டைக் கொடுத்ததால் காய்ச்சல் இறங்கவில்லை. யூரின் இன்ஃபெக்‌ஷனை அடக்கியது ஆன்டிபயாடிக். சோடியத்தை மெல்ல மெல்ல ஏற்றியது டாக்டர். அந்த மருந்து உள்ளே போக நரம்பு ஊசி கையில் நிலைத்து நிற்க வேண்டுமே, அதற்குத்தான் துண்டு உதவியது. நான்காம் நாள் அவருக்குத் தெளிவு வந்தது. வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, மாடு மாதிரி என்னைக் கட்டிப்போட்டது யாரு?"

நான் பதில் சொல்லவில்லை. அன்று மதியம் அவருடைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். வயது இருந்தது. பி.பி. இருந்தது. சுகர், கிரியாட்டினின், எல்லாம் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஹவுஸ்வைஃப்.

அன்பர்களே, நாம் உட்கார்ந்திருக்கும் ஊரைக் கொஞ்சம் பாருங்கள். இந்தியாவில் எத்தனை ரயில் நிலையங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறது? நமக்கு இருக்கிறது: தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கே பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். மருந்து இல்லாத அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி எதைக் கொடுத்தது? காற்று கொடுத்தது. வெயில் கொடுத்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தது. ஜன்னலைத் திறப்பது யார்? கட்டிலை வெயிலுக்கு நகர்த்துவது யார்? சாப்பிட்டாரா, எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்ப்பது யார்? பராமரிப்பே வைத்தியமாக இருந்த ஊர் இது!

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே சவுரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் அங்கே ஒரு தமிழ் நோயாளி வந்து சேர்ந்தார். கும்பகோணத்துக்காரர். கணித மேதை ராமானுஜன்தான் அவர். இங்கிலாந்தில் அவர் ஒரு சானடோரியத்தில் மட்டும் இருக்கவில்லை. மாறி மாறிப் பல இடங்களில் இருந்தார். திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று என்பதுதான் அன்றைய உயர்ந்த வைத்திய முறை. வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்? சுத்த சைவம் சாப்பிட்டவருக்கு அந்தச் சமையல் எப்படி இறங்கியிருக்கும்? குளிரும் சாப்பாடும் அவரை வாட்டி எடுத்தன. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் எழுதிய மருத்துவர்களும் உண்டு. அதை மருத்துவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் நர்ஸ். எனக்குத் தோன்றுவது வேறு. முறை சரியாகவே இருக்கலாம், படுத்திருக்கும் மனிதருக்கு அது சரியாக இருக்கிறதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ஒரு தம்ளர் சூடான ரசத்துக்கு அந்த மனிதர் எவ்வளவு ஏங்கியிருப்பார்!



நம் சானடோரியம் பிறகும் நல்ல வேலை செய்தது. 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. தொடவே பயந்து மற்ற இடங்களில் வாசலோடு அனுப்பிய நாட்கள் அவை. அன்றைக்கு அந்த வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு.

இப்போது முதியவர்களுக்கு வருகிறேன். என் இளமைக் காலத்தில் வயதானவர் ஆஸ்பத்திரிக்கு வந்து எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். முட்டி வலிக்குதா? வயசானா அப்படித்தான். தூக்கம் இல்லையா? வயசானா அப்படித்தான். சிறுநீர் தங்கவில்லையா? வயசானா அப்படித்தான். இந்தப் பதிலை ஏற்க மறுத்தவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியவர்களுக்கென்று தனியாக ஒரு புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தத் துறை வேர் பிடித்தது அங்கேதான். இன்றைக்குக் கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். தாம்பரத்தில் ஏறினால் எட்டாவது நிறுத்தம்.

தேவையா என்று கேட்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பேரில் 10 பேருக்குச் சற்று மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 2021-க்கான மதிப்பீடு 13.6. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்தில் கணக்கு இன்னும் அதிகம் என்று மேடையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது!

சரி, ஆஸ்பத்திரிக்குள் போவோம். ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மகள் பாசக்காரி. கையோடு என்ன செய்கிறாள்? "இங்கே காணாமப் போயிடும்" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போடுகிறாள். பல்செட்டை டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். காது மெஷின் முப்பதாயிரம் ரூபாய், அதுவும் பீரோவுக்குப் போய்விடுகிறது. கைக்கடிகாரமும் போகிறது. இப்போது கட்டிலில் மிஞ்சியது யார்? கண் தெரியாத, காது கேட்காத, மெல்ல முடியாத, மணி என்ன என்று தெரியாத ஒரு கிழவர். ராத்திரி முழுக்க டியூப் லைட் எரிகிறது. பகலா, இரவா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் நாம் எழுதுகிறோம்: நோயாளி குழப்பமாக இருக்கிறார். ஏன் இருக்க மாட்டார்?

இதை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் சோதித்தே பார்த்தார்கள். ஷரன் இனோயி என்ற பெண் மருத்துவரின் தலைமையில் நடந்த ஆய்வு, 1999-ல் வெளிவந்தது. எழுபது வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குக் கூடுதலாகச் சில காரியங்கள்: கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது மெஷினை மாட்டிவிடுவது, தண்ணீர் குடிக்கவைப்பது, எழுப்பி நடக்கவைப்பது, இன்றைக்கு என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பது, தூக்க மாத்திரைக்குப் பதில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து முதுகைத் தடவிவிடுவது. வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு வந்த அந்தப் புத்தித் தடுமாற்றம், இங்கே பத்துக்கும் கீழே இறங்கியது. இதில் எதற்கு இறக்குமதி மருந்து வேண்டும், சொல்லுங்கள்? நம் அத்தைகள் செய்யாததா இது?

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் நாம் நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்கார நாட்டில் நர்ஸ் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நமக்கு அது ஆகாது. நாம் உறவு சொல்லிக் கூப்பிடுகிறோம். தாத்தா, பாட்டி, ஆயா, அப்பா, அம்மா. அழகான வழக்கம். நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருடம் 'சார்' என்று கேட்டுப் பழகிய தலைமை ஆசிரியரை இருபத்திரண்டு வயதுப் பெண் "தாத்தா, வாயைத் திற, ஆ காட்டு" என்றால் அவருக்குள் என்ன நடக்கும்? குழந்தை பெறாத துக்கத்தை எழுபது வயதுவரை சுமந்த ஒருவரை "பாட்டி, பேரப் பசங்க வரலையா?" என்று சிரித்தபடி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. சார்ட்டில் எழுதினோம்: உணவை மறுத்தார்.

இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்று ஒருவர் இருந்தார். மறதிநோய் வந்தவர்களைப் பற்றி 1997-ல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல மனம் படைத்தவர்களே அறியாமல் செய்யும் சின்னச் சின்னக் காயங்களை அதில் அவர் பட்டியல் போட்டார். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவது, அவசரப்படுத்துவது, பட்டப்பெயர் வைப்பது, ஆள் எதிரில் இருக்கும்போதே இல்லாததுபோல் மற்றவரிடம் பேசுவது. இந்தக் கடைசி ஒன்று இருக்கிறதே, அது நம் ஊர் நோய்! பெரியவர் கட்டிலில் விழித்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் தலைக்கு மேலேயே நான் மகனைக் கேட்பேன்: "அப்பாவுக்கு மோஷன் போச்சா?"

பெயருக்கு என்ன வழி? கேட்பதுதான். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" ஐந்து விநாடிக் கேள்வி. தாத்தா என்றே கூப்பிடு என்பவர்தான் அதிகம். ஆனால் ஒருவர் சொன்னார்: "என்னை மேஸ்திரின்னு கூப்புடும்மா. குரோம்பேட்டையில பாதி வீடு நான் கட்டுனது." அதன்பிறகு அவரை நடக்கவைக்க எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. "மேஸ்திரி, வராந்தா தளம் சரியா போட்டிருக்காங்களான்னு வந்து பாருங்க" என்றால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தளம் சரியில்லை என்று தினமும் திட்டினார். அவர் சொன்னது உண்மையும்கூட.

இப்போது பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. தெரியும், தெரியும். "மேடம், இதுக்கெல்லாம் நேரம் எங்கே?" நியாயமான கேள்வி. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஒரே ஆளாகச் சமாளித்தவள் நான். 2015-ல் தமிழ்நாட்டில் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு தெரியுமா, பெரியோர்களே? 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நோயாளியை மனிதராகப் பார் என்று நர்ஸுக்குப் பாடம் எடுப்பவர்கள், நர்ஸை மனிதராகப் பார்த்தார்களா? அவளுக்கு வீட்டு வாடகை உண்டு, கைக்குழந்தை உண்டு, மாதவிடாய் உண்டு, இடுப்பு வலி உண்டு. ஆள் போடாமல், சம்பளம் கொடுக்காமல், அன்பாக இரு என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் மாணவிகளே, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அந்த இரவில் வென்ஃப்ளானை மறுபடி மறுபடி போட்டதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு முறை நரம்பு தேடியது, ரத்தம் சிந்திய போர்வையை மாற்றியது, கட்டியது, கட்டை அவிழ்த்துப் பார்த்தது, அழுத பெண்ணைத் தேற்றியது. அதே நேரத்தில் "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்று வீட்டாரிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். நம் புறநகர்களின் கதை உங்களுக்குத் தெரியாததா? சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர். பி.எஃப். பணத்தில் ஒரு கிரவுண்டு வாங்கி, மாதம் ஒரு சுவராக வீட்டைக் கட்டிய தலைமுறை. இன்றைக்கு மாமரம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, பிள்ளைகள் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். ஹாலில் கேமரா இருக்கிறது. ஏஜென்சி அனுப்பிய ஒரு பெண் இருக்கிறாள். ஹோம் நர்ஸ் என்று பெயர், அவளுக்கு யாரும் நர்சிங் சொல்லிக்கொடுத்ததில்லை.

அப்படி ஒரு வீட்டுக்குப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டப் போனேன். மகன் நல்லவர். அவர் இருக்கும் நாட்டில் நடுராத்திரி, தூங்காமல் கேமராவில் பார்த்துக்கொண்டே போனில் சொல்கிறார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்கணும்னு சொன்னேனே, இப்ப ரெண்டரை மணி நேரம் ஆச்சு." அவர் சொன்னது சரிதான். திருப்பாவிட்டால் புண் ஆறாது. நான் பெரியவரின் வேட்டியை விலக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே மூலையைப் பார்த்தார். அங்கே சின்னச் சிவப்பு விளக்கு. பேச்சு பாதி போன மனிதர் அவர், பக்கவாதம். பார்வையால்தான் கேட்டார். ஒரு துண்டை எடுத்துக் கேமராமேல் போட்டேன். உடனே போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1956-லிருந்து சேத்துப்பட்டுக் காசநோய் மையத்தில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழைக் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திருப்பியது நம் ஊர் ஆய்வு! 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்தப் பாதையில் வந்த திட்டம் என்றே நினைக்கிறேன். சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தேடி வலிதணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். வீட்டுக்குப் போகும் நர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், கவனித்தீர்களா? வார்டில் நோயாளி நம் இடத்துக்கு வந்தவர். அங்கே நாம் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி. சுவரில் கல்யாணப் போட்டோ, ஜன்னலில் பழைய டிரான்சிஸ்டர், மூலையில் மடக்கி வைத்த தையல் மிஷின். கேஸ் ஷீட்டில் இல்லாததெல்லாம் சுவரில் இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் சிக்கலானது. "சிஸ்டர், கேன்சர்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க." இதைக் கேட்காத நர்ஸ் இந்த ஊரில் இருக்க முடியாது. வெளிநாட்டுப் பாடப்புத்தகம் நோயாளிக்குச் சொல்லிவிடு என்கிறது. நம் குடும்பம் அப்படி இல்லை. முடிவை நாலு பேர் கூடி எடுக்கிறோம். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனால் முதலில் அப்பாவையே கேட்கலாமே! "ரிப்போர்ட் வந்தா உங்ககிட்ட சொல்லட்டுமா, பெரியவன்கிட்ட சொல்லட்டுமா?" பெரியவனிடமே சொல் என்று அவர் சொன்னால், அது அவருடைய முடிவு. கேட்காமலே மறைத்தால் அது நம் முடிவு. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தே இருக்கும். பிள்ளைகள் தாங்க மாட்டார்களே என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார்.

முடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று இங்கே பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் முதியவர்களைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்தார்கள். எங்களைப் போன்றவர்கள் உதவிக்குப் போனோம். என்ன மாத்திரை சாப்பிடுவீங்க? "வெள்ளை மாத்திரை ஒண்ணு, பிங்க் கலர்ல ஒண்ணு." சீட்டு எங்கே? தண்ணீரில் போய்விட்டது. ஒரே ஒரு அம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில் மட்டும் பால் கவருக்குள் மடித்த ஒரு தாள் இருந்தது. பேத்தி கையெழுத்து. மாத்திரைகளின் பெயர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருந்தது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: ஆயாவுக்கு வலது காது கேக்காது. இடது பக்கம் நின்னு பேசுங்க. இருட்டுன்னா பயம். காபி இல்லாட்டி கோபம் வரும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த ஒருவரை மட்டும் எங்களால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அதே மாதிரி ஒரு தாளை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. மாத்திரைகளுக்கு முன்பக்கம். பின்பக்கத்தில் சில கேள்விகள்: எப்படிக் கூப்பிட வேண்டும், என்ன வேலை பார்த்தார், எந்தக் காது, ராத்திரி விளக்கு வேண்டுமா, யாரிடம் சொல்ல வேண்டும், எது இல்லாவிட்டால் கோபம் வரும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவருக்காக நீங்களே யோசித்து நிரப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். முன்வரிசைப் பெரியவர்கள் உங்களுடையதை நீங்களே எழுதுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. பால் கவரில் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதை எங்களிடம் கொடுங்கள். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.